அடிபந்தாட்டத்தில் எறிவேக ஒப்பீடு

பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தில் எறிவாளர் வீசும் பந்தின் வேகம் எறிவேகம் ஆகும். அமெரிக்காவில் இது மணிக்கு இத்தனை மைல் என்ற அலகில் குறிக்கப்படுகிறது. அளக்கும் கருவியும் அளக்கும் இடமும் காலந்தோறும் மாறியுள்ளதால், வெவ்வேறு காலத்து எண்களை அப்படியே ஒப்பிடுவது தவறான முடிவைத் தரும்.

அளக்கும் இடம்

எறிமேட்டிலுள்ள பலகையிலிருந்து ஹோம் பிளேட் வரையுள்ள தூரம் 60 அடி 6 அங்குலம் (18.44 மீட்டர்). காற்றுத் தடையால் பந்து வழியிலேயே தன் வேகத்தில் ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காட்டை இழக்கிறது. கையிலிருந்து 100 மைல் வேகத்தில் புறப்படும் பந்து, ஹோம் பிளேட்டைக் கடக்கும்போது 90 முதல் 92 மைல் வேகத்திலேயே செல்லும். இரண்டும் சரியான அளவுகளே. அளந்த இடம்தான் வேறு.

அளவை முறைகள்

1912: பிரிட்ஜ்போர்ட் நகரத் துப்பாக்கித் தொழிற்சாலையில், தோட்டாக்களின் வேகத்தை அளக்கும் கருவியால் வால்ட்டர் ஜான்சனின் எறிவு அளக்கப்பட்டது. நொடிக்கு 122 அடி, அதாவது மணிக்கு 83.2 மைல்.

1946: வாஷிங்டனில் பாப் ஃபெல்லரின் எறிவு இராணுவக் காலமானியால் ஹோம் பிளேட் அருகே அளக்கப்பட்டது. வேகம் 98.6 மைல்.

1974: நோலன் ரயனின் எறிவு ஆட்டத்தின் நடுவே ரேடார் மூலம் அளக்கப்பட்டது. பந்து ஹோம் பிளேட்டை நெருங்கிய நிலையில் 100.9 மைல் பதிவானது.

1970களின் நடுப்பகுதிக்குப் பின் கையடக்க ரேடார் கருவிகள் பரவின. கைக்கு அருகில் அளந்தவை 'வேகக் கருவி' என்றும், தட்டுக்கு அருகில் அளந்தவை 'மெதுக் கருவி' என்றும் அழைக்கப்பட்டன.

பின்னர் வந்த பிட்ச் எஃப்எக்ஸ் என்ற படக்கருவி அமைப்பு, ஹோம் பிளேட்டிலிருந்து 50 அடி தொலைவில் உள்ள வேகத்தைத் தந்தது. 2017 முதல் பந்து கையை விட்டு அகலும் கணத்து வேகமே வெளியிடப்படுகிறது. அவ்வாண்டு சராசரி வேகம் உயர்ந்ததுபோல் தோன்றியதற்கு இம்மாற்றம் முக்கியக் காரணம்.

திருத்தப்பட்ட மதிப்புகள்

அரோல்டிஸ் சாப்மன் 2010இல் வீசிய பந்துக்கு முதலில் 105.1 மைல் எனவும், புறப்பாட்டு வேகமாகத் திருத்தியபின் 105.8 மைல் எனவும் கணிக்கப்பட்டது. 'ஃபாஸ்ட்பால்' என்ற ஆவணப்படத்தில் பழைய அளவுகள் பொது நிலைக்கு மாற்றப்பட்டபோது ஜான்சனுக்கு 93.8, ஃபெல்லருக்கு 107.6, ரயனுக்கு 108.5 மைல் என மதிப்பிடப்பட்டது. இவை கணக்கீடுகளே, நேரடிப் பதிவுகள் அல்ல.

மேலும், ஜான்சனும் ஃபெல்லரும் சோதனைக்காகச் சில பந்துகளையே வீசினர். இன்று ஒவ்வோர் எறிவும் அளக்கப்படுகிறது. ஆகவே பழைய வீரர்களின் உச்ச வேகம் பதிவாகாமலே போயிருக்கவும் கூடும்.