வெற்றிடம் பார்த்து ஓடு, மகளே!

"அம்மா, நான் இனி நெட்போலுக்குப் போகமாட்டன்!"

புத்தகப் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு வந்து நின்றாள் என் சின்ன மகள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மூண்டு மச் விளையாடிட்டன். ஒருத்தரும் எனக்குப் பந்து தரேல்லை. என்னை அவையளுக்குப் பிடிக்காது."

பதின்மூன்று வயது. இந்த வயதில் விளையாட்டை விட்ட பெண்பிள்ளை திரும்ப மைதானத்துக்குப் போவது லேசான காரியமா, வாசகிகளே? எனக்கும் இதே வயதில்தான் ஓட்டம் நின்றது. "பெரியபிள்ளை ஆயிட்டாள், இனி என்ன ஆட்டமும் ஓட்டமும்?" என்றார் பெரியம்மா. அத்தோடு சரி. "போகட்டும், விடு" என்று சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டேன். மறுநாள் மாலை மைதான வேலியோரம் போய் நின்றேன்.

பந்து வலப் பக்கம் போனால் எல்லாப் பிள்ளைகளும் வலப் பக்கம்! இடப் பக்கம் போனால் எல்லாரும் இடப் பக்கம்! அந்த நெரிசலுக்கு நடுவே, "எனக்கு, எனக்கு" என்று கையைத் தூக்கியபடி என் மகள். அவளை ஒட்டியபடி எதிரணிப் பிள்ளை. யாரால் பந்து கொடுக்க முடியும்?

கலியாண வீட்டில் எல்லாப் பெண்களும் அடுப்படியில் கூடி நின்றால் பந்தியில் பரிமாறுவது யார்? அந்தக் கதைதான்.

விளையாட்டு ரீச்சரிடம் கேட்டேன். சிரித்தபடி சொன்னார்: "அக்கா, பிள்ளையிலை வேகம் குறைவில்லை. ஆனா பந்தைப் பார்த்து ஓடுறா. வெறும் இடத்தைப் பார்த்து ஓடவேணும்."

மைதானத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

வலைப்பந்து மைதானம் 100 அடி நீளம், 50 அடி அகலம். குறுக்கே மூன்று சம பங்கு. அணிக்கு 7 பேர். ஒவ்வொருவருக்கும் இன்ன இடம்தான் என்று எல்லை உண்டு. கோல் போடும் உரிமை இரண்டு பேருக்கு மட்டுமே. அதுவும் 16 அடி அரைவட்டத்துக்குள் நின்றுதான் போடவேண்டும். வளையமோ 10 அடி உயரத்தில்!

பந்தைப் பிடித்தவள் அதைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. 3 விநாடிக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒரு பங்கை முழுதாகத் தாண்டி எறியவும் கூடாது. ஆகவே இந்த ஆட்டத்தில் பந்து வைத்திருப்பவளை விட, பந்து இல்லாதவர்கள் எங்கே போகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

தாக்கும் பங்கில் நம் பிள்ளைகள் நால்வர், தடுக்க எதிரணியில் நால்வர். எட்டுப் பேரும் ஒரு மூலையில் கூடினால் காற்றுக்கூடப் புகாது!

இதைக் கேட்டதும் எனக்குக் கிளித்தட்டு ஞாபகம் வந்தது. ஒருத்தி கோட்டின் ஒரு முனையில் போக்குக் காட்டுவாள். மறிப்பவள் அங்கே ஓடுவாள். மற்ற முனை வழியாக இன்னொருத்தி நுழைந்துவிடுவாள். நமக்குத் தெரிந்த வித்தைதானே இது!

வீட்டு முற்றத்தில் பழக்கலாம்

1. முற்றத்தில் கரியால் நான்கு கட்டம் கீறுங்கள். ஒரு கட்டத்தில் ஒருத்திதான் நிற்கலாம். இன்னொருத்தி வந்தால் நிற்பவள் வேறு கட்டத்துக்குப் போய்விட வேண்டும். "இடம் விட்டுக்கொடு" என்று வாயால் சொல்வதை விட இந்த ஆட்டம் சீக்கிரம் புரியவைக்கும்.

2. பந்தைக் கொடுத்தவள் கொடுத்த இடத்திலேயே நிற்கக் கூடாது. கொடுத்ததும் ஓட்டம்! நீங்கள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுங்கள்.

3. முதலில் இரண்டடி ஒரு பக்கம் போக்குக் காட்டி, தடுப்பவள் சாய்ந்ததும் சட்டென்று மறுபக்கம் பாயவேண்டும். பந்து கொடுப்பவள் நிமிர்ந்து பார்க்கும் நேரத்தில் ஓடவேண்டும். முன்னதாகவே ஓடி நின்றால் தடுப்பவளும் வந்து நின்றுவிடுவாள்.

4. இரண்டு பேர் ஒரே நேர்கோட்டில் ஓடக் கூடாது. ஒருத்தி பந்தை நோக்கி வந்தால் மற்றவள் விலகிப் போகட்டும்.

உடம்பையும் கவனியுங்கள்

சட்டென்று நின்று திரும்பும் ஆட்டம் ஆகையால் முழங்காலும் கணுக்காலும் பத்திரம். துள்ளிப் பிடித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி மெத்தென்று இறங்கப் பழக்குங்கள். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்கட்டும். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்; ஒரு வாழைப்பழம், போத்தலில் தண்ணீர். முருங்கையிலையும் பயறும் வாரத்தில் சில நாள் சாப்பாட்டில் இருக்கட்டும். மாதவிலக்கு நாளில் பிள்ளைக்கு உடம்பு இடம் கொடுத்தால் விளையாடுவதில் தவறே இல்லை.

"என் மகள் உயரமில்லையே" என்று கவலைப்படும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. யாழ்ப்பாண மாவட்டத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் ஆறடிக்கு மேல் 10 அங்குலம். அவர் ஆடிய இலங்கை அணி 2009-லும் 2018-லும் ஆசியக் கிண்ணத்தை வென்றது. ஆனால், அத்தனை உயரத்துக்கும் பந்து போய்ச் சேர வழி வேண்டுமே! கோலுக்கு முன்னால் கூட்டம் போடாமல் விலகி, சரியான இடத்துக்கு வந்து பந்தைத் தூக்கிக் கொடுக்கும் தோழிகள் இருந்தால்தான் உயரத்துக்கும் பிரயோஜனம்.

மூன்று வாரம் முற்றத்தில் பழகினோம். நானும்தான்! முதல் நாள் பெரியம்மா முகத்தைச் சுளித்தார். இரண்டாம் வாரம் அவரே திண்ணையில் இருந்து, "ஒண்டு... ரெண்டு... மூண்டு..." என்று எண்ணத் தொடங்கிவிட்டார்.

அடுத்த மச்சில் அவர்கள் அணி இரண்டு கோலால் தோற்றது. ஆனாலும் மகள் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா, கடைசிக் கோல் என்னாலைதான் வந்தது!"

"நீ கோல் போடக் கூடாதே, பிள்ளை?"

"நான் போடேல்லை. பந்தும் தொடேல்லை. நான் வெளிப்பக்கமா ஓடினன். என்னை மறிச்சவளும் பின்னாலை வந்திட்டாள். அந்த இடத்துக்குள்ளை மற்றவள் வந்து பந்தைப் பிடிச்சுப் போட்டிட்டாள்!"

'என்னைப் பிடிக்காது' என்று அழுத பிள்ளை, தான் விலகியதால் தோழிக்கு வழி கிடைத்ததென்று பூரிக்கிறாள். ஒரு தாய்க்கு வேறென்ன கிண்ணம் வேண்டும்?

உங்கள் மகளும் "போகமாட்டன்" என்று வந்து நின்றால், உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஒரு மாலைப் பொழுது வேலியோரம் போய் நின்று பாருங்கள்.