காற்று எழும்பும் முன்னே: மன்னார்க் கடலில் ஓராள் தெப்பத்தின் ஒரு நாள்

மன்னார்த் தீவின் பேசாலைக் கரையில் விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். ஒரு பக்கம் பைபர் படகுகளுக்கு எஞ்சின் பூட்டுகிறார்கள்; மண்ணெண்ணெய் வாடை காற்றில் பரவுகிறது. சற்றுத் தள்ளி, சத்தமில்லாமல், தனியாள் ஒருவர் தன் தெப்பத்தை நீருக்கு இழுக்கிறார். ஒரு சவள், ஒரு கூடை, மரத்துண்டில் சுற்றிய தங்கூசி, இரைக்கு வெட்டிய கணவாய்த் துண்டுகள், ஒரு போத்தல் தண்ணீர். முழங்கால் நீர் வந்ததும் ஏறி உட்கார்ந்து இருபுறமும் சவளைப் போடுகிறார். கொஞ்ச நேரத்தில் இருட்டு அவரை விழுங்கிவிடுகிறது.

உலகின் பல கரைகளில் இதே வேலையை இன்று கயாக்கில் செய்கிறார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒற்றை ஆள் உட்காரும் பிளாஸ்ரிக் கயாக்கில் துடுப்புப் போட்டுக் கடலுக்குள் போய்த் தூண்டில் வீசுவது பெரிய பொழுதுபோக்கு. அங்கே அது விடுமுறை நாளின் இன்பம். மன்னாரில் அன்றைய உலைக்கான வழி. ஆனால் கடலுக்கு முன்னால் இருவர் நிலையும் ஒன்றுதான். நீர்மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், எஞ்சின் இல்லாமல், காற்றையும் நீரோட்டத்தையும் கணித்துத் திரும்பி வர வேண்டும்.

கட்டுமரத்துக்குத் திரும்பிய கயாக்

கயாக் ஆர்க்டிக் குளிரில் பிறந்தது. இனுயிட் மக்கள் மரத்தாலும் எலும்பாலும் சட்டம் செய்து, அதன்மேல் சீல் தோலை இழுத்துத் தைத்து, ஆள் நுழைய ஒரு துளை மட்டும் விட்டு அதைக் கட்டினார்கள். உறையும் நீர் உள்ளே வரக் கூடாது என்பதற்காக எல்லாப் பக்கமும் மூடிய அமைப்பு அது.

நம்முடைய கட்டுமரம் இதற்கு நேர் எதிரான யோசனையில் பிறந்தது. நீரைத் தடுக்க அது முயல்வதே இல்லை. எடை குறைந்த மரங்களைச் சேர்த்துக் கட்டினால் அலை மேலே ஏறும், ஏறிய நீர் இடைவெளி வழியே இறங்கிவிடும். நீர் நிறைய உட்குழிவு இல்லாததால் மூழ்கும் பயம் இல்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப் போட்டால் அடுத்த நாளுக்கு மறுபடி எடை குறைந்திருக்கும். இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போய் மூன்று நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1697இல் வெளியான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இன்று கடலில் மீன்பிடிக்க விற்கப்படும் கயாக்குகளைப் பாருங்கள். அவற்றில் பல, ஆள் மேலே உட்காரும் வகை. உட்காரும் தட்டில் துளைகள் இருக்கும்; ஏறும் நீர் அவற்றின் வழியே கடலுக்கே இறங்கிவிடும். பெயர் இனுயிட் மக்களுடையதாக இருந்தாலும், வெதுவெதுப்பான கடலுக்கு வந்தபோது அந்தக் கலம் கட்டுமரத்தின் தத்துவத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தச் சிறு கலங்களின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஹோர்னெல். முத்துச் சிப்பிகளை ஆராய 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மனுக்கு உதவியாளராக மன்னார் வளைகுடாவுக்கு வந்தவர். பிறகு சென்னை மாகாணத்தின் மீன்வளத்துறை இயக்குநரானார். தென்னிந்திய, இலங்கைக் கரைகளின் கட்டுமரம், தோணி, வள்ளம் ஆகியவற்றை ஊர் ஊராகப் பார்த்துப் பதிவு செய்தார். 1946இல் வந்த அவருடைய நீர்ப்போக்குவரத்து நூல் இன்றும் அந்தத் துறையில் அடிப்படை நூல்.

மரத்தின் விலை ஏறியபோது தெப்பமும் மாறியது. பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் இப்போது மரத்துக்குப் பதிலாக ரெஜிபோம் அட்டைகளை அடுக்கிக் கட்டிய மிதவைகளைக் காணலாம். தமிழ்நாட்டில் அதைத் தெர்மாகோல் தெப்பம் என்பார்கள். ஒருவர் தலையில் தூக்கிப் போகலாம். உடைந்தால் வீட்டு முற்றத்திலேயே கட்டிக்கொள்ளலாம். வங்கிக் கடன் தேவையில்லை.

ஒரு தீவு, இரண்டு கடல்

மன்னார்த் தீவு ஒடுங்கி நீண்டது. அதன் வடக்கே பாக்குக்குடா, தெற்கே மன்னார் வளைகுடா. மேற்கு முனையான தலைமன்னாரிலிருந்து ஆதாம் பாலத்தின் மணல் தீடைகள் வரிசையாகத் தனுஷ்கோடி நோக்கிப் போகின்றன. இடைப்பட்ட தூரம் சுமார் 30 கிலோமீற்றர். பாக்குக்குடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைவு.

மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும். அப்போது தென்பக்கக் கடல் கொந்தளிக்கும், வடபக்கம் அடங்கிக் கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்கிலிருந்து வாடை வந்தால் நிலைமை தலைகீழ். தீடைகளுக்கிடையே ஓடும் நீரும் பருவத்தோடு திசை மாறும்: வாடைக் காலத்தில் தெற்கே இறங்கும், சோளகத்தில் வடக்கே ஏறும். இரண்டு பருவத்துக்கும் நடுவில், மார்ச் ஏப்ரலில், கடல் கண்ணாடிபோல் கிடக்கும் காலைகள் வரும். ஓராள் கலத்துக்கு அவைதான் பொற்காலம்.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு. சோளகக் காலத்தில் வடகரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் சாதுவாகத் தெரியும். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை எழும்ப இடமில்லை. ஆனால் தீவின் மறைவைத் தாண்டி ஒரு கிலோமீற்றர் போய்விட்டால் அதே காற்று கலத்தை வெளிக்கடலுக்குத் தள்ளும். போகும்போது இலகுவாக இருந்த துடுப்பு திரும்பும்போது கையை முறிக்கும். அதனால்தான் தெப்பக்காரர் புறப்படுமுன் அலையைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. பனையோலையின் ஆட்டத்தையும், மேகம் நகரும் திசையையும், முந்திய மாலைக் காற்று எப்போது விழுந்தது என்பதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுகிறார்.

சாதாழை ஓரத்தில்

கிழக்கு வெளுக்கும் நேரம் தெப்பம் சாதாழைத் தரைகளின் ஓரத்தில் நிற்கும். சாதாழை என்பது கடலடியில் புல்போல் வளரும் தாவரம். ஒட்டியும் ஓராவும் அதை மேயும். குஞ்சு மீன்களும் இறாலும் நண்டும் அதற்குள் ஒளிந்து வளரும். அவற்றைத் தின்னப் பெரிய மீன்கள் ஓரத்தில் சுற்றும். தூண்டில்காரருக்கு வேண்டியது புல்லும் மணலும் சந்திக்கும் அந்த விளிம்பு.

அந்த இடத்தைக் கடலில் எப்படிக் கண்டுபிடிப்பது? கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றின்பின் ஒன்றாக நேர்கோட்டில் வரச் செய்து, இன்னொரு பக்கம் அதேபோல் ஒரு சோடியைச் சேர்த்தால், இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே மீன் இருக்கும் இடம். கோவில் கோபுரம், வெளிச்சவீடு, உயர்ந்த பனை ஆகியவை அந்தக் காலத்து அடையாளங்கள். 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் 100 மெகாவாற் 'தம்பபவனி' மின்நிலையம் திறக்கப்பட்ட பிறகு, தென்கடலில் நிற்பவர் கண்ணுக்கு அந்தக் கோபுரங்களும் தப்பாது.

கல்லைக் கட்டி நங்கூரம் இட்டதும் தங்கூசி இறங்குகிறது. விரல் மடிப்பில் நூலை வைத்து அடியைத் தடவ வேண்டும். விளைமீன் இரையை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கும். கலவாய் ஒரேயடியாக விழுங்கிக் கல்லுக்குள் ஓடும். ஓடவிட்டால் நூல் அறுந்தது. பாரையும் சீலாவும் மேல்நீர்க்காரர்கள். பாரமான பாரை ஒன்று கொளுவினால் தெப்பத்தையே இழுத்துக்கொண்டு போகும். பெரிய படகில் அப்போது நூல்தான் அறும். ஓராள் கலத்தில் கலமும் சேர்ந்து நகர்வதால் மீன் தானே களைத்துப் போகும். கயாக்கில் மீன்பிடிப்போர் தேடிப் போவதும் இந்த இழுவையைத்தான்.

ஆபத்தும் அந்த இடத்திலேதான். மீனை ஏற்றும்போது உடலை ஒரு பக்கம் சாய்த்தால் கலம் கவிழும். திருக்கை வந்தால் மேலே ஏற்றாமல் வால் முள்ளைத் தவிர்த்து நீரிலேயே நூலை அறுப்பது நல்லது. கெளிறின் முள் குத்தினால் பல மணி நேரம் கடுக்கும். இவற்றைச் சமாளிக்க இரண்டாவது ஆள் கலத்தில் இல்லை.

முத்துக்குளித்தவர்களின் நேரக் கணக்கு

காலை ஒன்பது, பத்து மணிக்குள் தெப்பக்காரர் கரைக்குத் திரும்பப் பார்ப்பார். நிலம் சூடேறியதும் கடற்காற்று எழும்பும் என்பது அவருக்குத் தெரியும். இந்தக் கணக்கு மன்னாரில் மிகப் பழையது. சிலாவத்துறை, அரிப்புக் கரைகளிலிருந்து முத்துக்குளிக்கப் போன பாய்த்தோணிகள் நள்ளிரவுக்குப்பின் நிலக்காற்றில் பாய் விரித்து விடியற்காலையில் சிப்பிப் பார் எனப்படும் கடலடித் திட்டை அடையும். மதியத்துக்குமேல் எழும் கடற்காற்றில் கரைக்குத் திரும்பும். 1905இல் ஒரே பருவத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவ்வளவு பெரிய தொழிலும் எஞ்சின் இல்லாமல், இரவில் ஒரு காற்று பகலில் ஒரு காற்று என்ற ஒழுங்கை நம்பியே நடந்தது. 1907க்குப் பிறகு அத்தகைய பெரும் குளிப்பு நிகழவில்லை. 

தெப்பக்காரர் கொண்டு வரும் தூண்டில் மீனுக்குக் கரையில் தனி மதிப்பு. வலையில் கிடந்து நசுங்காமல், உயிரோடு ஏறி, இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்து சேர்ந்த மீன் அது. சிறியவை சொதிக்குப் போகும், கணவாய்க்குத் தனியாக ஆள் நிற்பார், எஞ்சியது உப்பிட்டுக் கருவாடாகும்.

எஞ்சின் நின்ற ஆண்டு

2022இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் விழுந்தபோது முதலில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனது. ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. சிறு எஞ்சின் படகுகள் ஓடுவது மண்ணெண்ணெயில்தான். வடக்கின் கரைகளெங்கும் படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. துடுப்போடு போகக்கூடியவருக்கு அந்த விலையேற்றம் கடலைப் பூட்டவில்லை. உள்நாட்டுப் போர்க்காலத்திலும் வடக்குக் கடலோரம் இதைக் கண்டிருக்கிறது. கடல்வலயத் தடையும் பாஸ் என்னும் அனுமதிச் சீட்டு நடைமுறையும் எஞ்சின் வலுவுக்குக் கட்டுப்பாடும் இருந்த ஆண்டுகளில், கரையோரச் சிறு கலங்கள்தான் பல குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காத்தன.

ஆனால் தெப்பம் போகக்கூடியது கரையோரக் கடலுக்கு மட்டுமே. அந்தக் கரையோரம் அழிந்தால் தெப்பக்காரருக்கு வேறு கடல் இல்லை. இழுவைமடிகளின் ஆபத்தை இங்கிருந்துதான் பார்க்க வேண்டும். பாரமான வலையைக் கடலடியில் இழுக்கும்போது சாதாழை வேரோடு பெயர்கிறது, குஞ்சும் முட்டையும் அதோடு போகின்றன. பாக்குக்குடாவின் மறுகரையிலிருந்து இரவில் வரும் இழுவைப் படகுகளைப் பற்றி மன்னார்க் கடற்றொழிலாளர் ஆண்டாண்டாக முறையிட்டு வருகிறார்கள். இந்தப் பக்கத்திலும் இழுவைமடி இருந்தது, பேசாலையிலும் இருந்தது. இலங்கைப் பாராளுமன்றம் 2017இல் அந்த முறையையே சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டில், பாக்குக்குடாவின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற்றும் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது. இலக்கில் சிறு பகுதியே நிறைவேறியது.

சாதாழை அழிந்தால் பட்டினி கிடப்பது மீன் மட்டுமில்லை. அதையே உணவாகக் கொண்ட கடற்பசு, தமிழ்நாட்டுக் கரையில் ஆவுளியா என்று அழைக்கப்படும் சாந்தமான பிராணி, இந்த இரு கடல்களிலும் அருகிவிட்டது. 2022இல் தமிழ்நாடு பாக்குக்குடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இலங்கைப் பக்கத்தில் ஆதாம் பாலம் 2015இலும் விடத்தல்தீவு 2016இலும் பாதுகாப்பு பெற்றன. சாதாழைக்கு இரு நாட்டு எல்லை தெரியாது. ஒரு பக்கம் காத்து மறுபக்கம் இழுத்தால் பயனில்லை.

கயாக்கில் வர நினைப்பவருக்கு

தலைமன்னாருக்கு ரயில் 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கியபின் தீவுக்கு வரும் பயணிகள் கூடியிருக்கிறார்கள். காற்று விளையாட்டுக்கும் கயாக்குக்கும் ஆசைப்படுபவர்கள் அவர்களில் உண்டு. எதிர்க்கரையில், இராமநாதபுரம் மாவட்டத்தின் காரங்காட்டில், ஊர் மீனவர்களும் வனத்துறையும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் பயணிகளைக் கயாக்கில் அழைத்துப் போகிறார்கள். கடலை அறிந்தவர்களிடமே வருமானம் தங்குகிறது. மன்னாரிலும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

வருபவர்கள் சிலவற்றை மறக்கக் கூடாது. உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏற வேண்டாம். துடுப்பைக் கயிற்றால் கலத்தோடு கட்டிக்கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தீடைகளின் பக்கம் தனியே போகாதீர்கள். அங்கே நீரோட்டம் பலமானது, சர்வதேச எல்லை வெகு அருகில், அனுமதியும் வேண்டும். நங்கூரத்தைச் சாதாழைமேல் போடாமல் மணலில் போடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, அன்றைய காற்று எப்போது எழும்பும் என்று அந்த ஊர்த் தெப்பக்காரர் ஒருவரைக் கேளுங்கள்.

கயாக் வேண்டாம், மீன் போதும் என்பவர்கள் காலை ஒன்பது மணிவாக்கில் பேசாலைக் கரைக்கோ பள்ளிமுனைக்கோ போங்கள். தூண்டிலில் பட்ட மீன் எது என்று கேட்டு அதை வாங்குங்கள். நூறு ரூபா கூடச் சொன்னால் பேரம் பேசாமல் கொடுங்கள். கடலடியைக் கிழிக்காமல், ஒரு நூலும் ஒரு கொக்கியும் கொண்டு எடுத்து வந்த மீனுக்கு அந்த விலை நியாயமானது.