பயத்துக்கு ஓர் ஏற்பாடு

“எழுதி வச்சிருக்கேன்க்கா. நாலு பேர் பாக்குற மாதிரி வெளிய விடத்தான் கை வரமாட்டேங்குது.”

சமயநல்லூரில் எங்கள் தெருப் பெண் இப்படிச் சொன்னாள். கல்லூரி முடித்துவிட்டு மதுரைக்கு வேலைக்குப் போய் வருகிறவள். அவளுடைய அப்பத்தா சொன்ன கதையொன்றை ஏழெட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றில் இறங்குவது முன்பெல்லாம் இங்கே பக்கத்தில் தேனூரில்தான் நடந்தது, திருமலை நாயக்கர் காலத்தில்தான் அது மதுரைக்கு மாறியது என்று இந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். வண்டியூர்ப் பக்கம் வைகையில் இருக்கும் மண்டபத்துக்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர். அப்பத்தா சொன்ன சொல் சொல்லாகவே வந்திருந்தது. படித்து முடித்ததும் இன்னொரு முறை படிக்கத் தோன்றியது. அப்படிப்பட்ட எழுத்து அலமாரிக்குள் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தோம்.

என்ன பயம் என்று கேட்டேன். “சொந்தக்காரவுக சிரிப்பாக. படிச்சவுக தப்புன்னு சொல்லுவாக. அதெல்லாம் விடுங்க, இதெல்லாம் எழுத நான் யாருக்கா?” கொஞ்ச நேரம் கழித்து, குரலை இறக்கி, “திருவிழா மரியாதை விசயமெல்லாம் வருது, எதுவும் சண்டையாயிருமோ?” என்றும் கேட்டாள்.

அவள் ஒரே பயம் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் நாலு பயம் இருந்தன. நாலுக்கும் மருந்து வேறு வேறு. “தைரியமா எழுதும்மா” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற அறிவுரை யாருக்கும் உதவாமல் போவது இதனால்தான்.

சிரிப்பார்கள் என்பதை முதலில் எடுத்துக்கொண்டோம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் சக ஆய்வாளர்களும் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பாரி மேனிலோ என்ற பாடகரின் முகத்தைப் பெரிதாக அச்சடித்த டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்கு மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்புவார்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக்கொள்ளக் கூச்சம். எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று வெளியே வந்தவர்களைக் கேட்டால், கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர். நம்மையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறோம். அவரவருக்கு அவரவர் சட்டையைப் பற்றிய கவலையே பெரிதாக இருக்கிறது.

“அந்தக் கால்வாசியில எங்க சித்தப்பா இருப்பாரேக்கா” என்றாள். நியாயமான பதில். பெருநகரத்தில் அந்தக் கால்வாசிப் பேர் முகம் தெரியாதவர்கள். ஊரில் அப்படி இல்லை. எழுதியதைப் படித்தவர் மறுநாள் காலையில் ரேஷன் கடையில் நிற்பார், அடுத்த முகூர்த்தத்தில் பந்தியில் எதிரே உட்காருவார். ஆகவே ஊருக்குள் இருந்துகொண்டு எழுதுகிறவருக்கு அமெரிக்க ஆய்வு பாதி ஆறுதல்தான். மீதிக்கு நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது.

மதுரை–திருச்சி சாலையில் இருக்கும் துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்தவர் கவிஞர் சல்மா. பெரிய பெண்ணானால் படிப்பு நிற்கும் என்பது அவர் பிறந்த சமூகத்தில் அப்போது எழுதாத சட்டம். ஒன்பதாம் வகுப்போடு அவருடைய பள்ளிக்கூடம் முடிந்தது. கல்யாணமான வீட்டிலும் எழுத்துக்கு எதிர்ப்பு. எல்லோரும் தூங்கிய பிறகு, கழிப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே எழுதினார். எழுதிய தாள்களை யார் கண்ணிலும் படாமல் ஒளித்துவைத்தார். அவை வெளியுலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது அவருடைய அம்மா வழியாக. வீட்டில் அழைத்த பெயரை விட்டுவிட்டு சல்மா என்ற பெயரில் கவிதைகள் பத்திரிகைகளில் வந்தன. படித்தவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. ஊருக்கு அவர் எழுதுவது தெரியாது. 2000இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பு வந்தது. 2001இல் உள்ளாட்சித் தேர்தலில் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட, வீட்டில் வேறு வழியில்லாமல் அவரையே நிற்கவைத்தார்கள். வென்றார். அதன் பிறகுதான் கவிஞரும் தலைவரும் ஒருவரே என்பது வெளிச்சத்துக்கு வந்தது. 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல். 2025இல் மாநிலங்களவை உறுப்பினர்.

பதவிகளைச் சொல்வதற்காக இதை நான் அவளிடம் சொல்லவில்லை. கழிப்பறைக்குள் நின்று எழுதிய அந்த வருடங்களைக் கவனிக்கச் சொன்னேன். பயப்படக் காரணங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. பயம் போகட்டும், பிறகு எழுதலாம் என்று சல்மா உட்கார்ந்திருந்தால் ஒரு வரியும் வந்திருக்காது. பயம் இருந்த இடத்தில் இருக்க, அதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்: வேறொரு பெயர், ஒரு நேரம், சாத்திக்கொள்ள ஒரு கதவு, நம்பிக்கையான ஒரு கை. எழுத ஆசைப்படுகிற, அதுவும் கூட்டுக்குடும்பத்துக்குள் இருந்து எழுத ஆசைப்படுகிற யாருக்கும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். தைரியம் வருமா வராதா என்பது நம் கையில் இல்லை. ஏற்பாடு நம் கையில் இருக்கிறது.

“புனைபெயர் வச்சா கோழைத்தனம்னு சொல்லமாட்டாகளா?” சொல்லட்டும். தமிழில் புனைபெயர் இல்லாத எழுத்தாளர்களை எண்ணுவதுதான் கடினம். தன்னைக் காத்துக்கொள்ள மாற்றுப் பெயர் வைப்பதில் எந்தக் குறையும் இல்லை. பெயரை மறைத்துக்கொண்டு அடுத்தவரை ஏசினால்தான் அது இழிவு.

நான் யார் எழுத என்ற கேள்விக்கு நம் பக்கத்து ஊரே பதில். மதுரையிலிருந்து விளாங்குடி தாண்டி வரும்போது நமக்கு முந்தின ஊர் பரவை. அங்கேயிருந்த முனியம்மா காலமெல்லாம் நாட்டுப்புறப் பாட்டுப் பாடியவர். 2003இல் ‘தூள்’ படம் வந்தபோதுதான் தமிழ்நாடு முழுக்க அவர் குரலைக் கேட்டது. அப்போது அவர் பாட்டி வயதில் இருந்தார். சினிமா அவருக்குப் பாட்டைக் கற்றுக்கொடுக்கவில்லை. பாட்டு அவரிடம் முன்னமே இருந்தது. எழுத்திலும் இப்படித்தான். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் விவசாயியாக இருந்த கி. ராஜநாராயணன் பள்ளிப்படிப்பை முடிக்காதவர். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, ‘சரஸ்வதி’ பத்திரிகையில் ‘மாயமான்’ கதை வந்து கவனம் பெற்றார். கரிசல்காட்டுச் சம்சாரிகள் பேசுகிற பேச்சையே எழுத்தாக்கினார், அந்தச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அப்பத்தா கதையை எழுதும் தகுதி, அப்பத்தாவிடம் உட்கார்ந்து கேட்டவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?

தப்பு வந்துவிடுமோ என்ற பயம் கொஞ்சம் வேறு மாதிரி. அதில் மரியாதையான ஒரு பகுதி இருக்கிறது. படிக்கிறவரை ஏமாற்றிவிடக்கூடாது என்ற அக்கறை அது. அதை விரட்டக்கூடாது, வேலை வாங்கவேண்டும். உ.வே. சாமிநாதையரை எடுத்துக்கொள்ளலாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர், கும்பகோணம் கல்லூரி ஆசிரியர். 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டபோது, தான் படித்திராத பெரும்பரப்பு ஒன்று இருப்பது அவருக்குத் தெரியவந்தது. அந்தக் காப்பியத்தில் வரும் சமண சமயச் செய்திகள் புரியவில்லை என்றதும் கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் அச்சில் கொண்டுவந்தார். உடனே கண்டனங்கள் அச்சாகி வந்தன. அவற்றுக்குப் பதில் எழுதி எடுத்துக்கொண்டு போனபோது, கல்லூரியில் உடன் பணியாற்றிய சாது சேஷையர் அதை அச்சுக்குப் போகவிடவில்லை. பதில் சொல்வதில் இறங்கினால் செய்யவேண்டிய வேலை நின்றுபோகும் என்பது அவர் எண்ணம். ஐயர் அதைக் கேட்டுக்கொண்டார். அடுத்தடுத்த நூல்களுக்குப் போனார், சிந்தாமணியையும் மறுபதிப்பில் திருத்திச் செப்பம் செய்தார்.

இதிலிருந்து அவளுக்கு இரண்டு காரியம் சொன்னேன். முதலாவது, எது அப்பத்தா சொன்னது, எது புத்தகத்தில் பார்த்தது, எது தன் ஊகம் என்று வரிக்கு வரி தெரியும்படி எழுதுவது. “தேனூரில்தான் நடந்தது” என்று அடித்துச் சொன்னால் ஆதாரம் கேட்பார்கள். “அப்பத்தா இப்படிச் சொல்லும்” என்று எழுதினால் அதை யாராலும் மறுக்க முடியாது; அப்பத்தா அப்படிச் சொன்னது உண்மைதானே. இரண்டாவது, வருகிற கண்டனத்தைப் பிரித்துப் பார்ப்பது. தகவல் பிழை என்று ஒருவர் காட்டினால் நன்றி சொல்லித் திருத்திவிட வேண்டும். பிடிக்கவில்லை என்று சொன்னால் அது அவர் உரிமை. வசவுக்குப் பதிலே வேண்டாம்.

அப்படியே, வெளியே விடும் முன் அப்பத்தாவுக்கு ஒரு முறை முழுதாக வாசித்துக் காட்டு என்றேன். அது அவருடைய கதை. அவர் பெயர் போடலாமா என்று கேட்கவேண்டும். வாய்விட்டு வாசிக்கும்போது எங்கே நாக்குத் தடுக்குகிறதோ அங்கே வாக்கியம் சரியில்லை என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

டீ முடிந்தபிறகு நாங்கள் எடுத்துக்கொண்ட நாலாவது பயம், சண்டையாகிவிடுமோ என்பதுதான், கனமானது. அதை வெறும் மனப்பிரமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த எழுத்தாளர் பாமா, ஏழு ஆண்டுகள் கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தபோது கையில் எதுவும் இல்லை. மனக்காயம் ஆற, சின்ன வயது நினைவுகளை எழுதச் சொல்லி நண்பர் ஒருவர் தூண்டினார். வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதினார். 1992இல் மதுரையிலிருந்து ‘கருக்கு’ வெளிவந்தது. தலித் ஒருவர் தமிழில் எழுதிய தன்வரலாறுகளில் முன்னோடியாக இன்று அதைக் கொண்டாடுகிறோம்; லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு கிராஸ்வேர்டு விருது கிடைத்தது. ஆனால் புத்தகம் வந்த புதிதில், ஊரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று அவருடைய சொந்த ஊர்க்காரர்களே கோபப்பட்டார்கள். மாதக்கணக்கில் அவரால் ஊருக்குள் போகமுடியவில்லை. யாருக்காக எழுதினாரோ அவர்களே முகம் திருப்பிக்கொள்வது, முன்பின் தெரியாதவர் ஏசுவதைவிடப் பல மடங்கு வலிக்கும். பாமா எழுதுவதை நிறுத்தவில்லை. ‘சங்கதி’ வந்தது, ‘வன்மம்’ வந்தது.

எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நடந்தது பலரும் அறிந்தது. 2010இல் வந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு நாலு வருடம் கழித்து, 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்துவிட்டு ஒதுங்கினார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்கு எதிரான கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்தது; பேச்சுவார்த்தையில் எட்டிய முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. அந்த ஆண்டே மீண்டும் எழுதத் திரும்பினார்; ‘பூனாச்சி’ நாவல் வந்தது. நீதி கிடைத்தது. இடையில் போன காலத்தையும் அந்தக் குடும்பம் பட்ட பாட்டையும் எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. ஆகவே, ஒன்றும் ஆகாது என்று எந்த இளம் எழுத்தாளருக்கும் நான் சத்தியம் செய்துகொடுக்க மாட்டேன்.

செய்யக்கூடியது ஆபத்து எந்த வரியில் இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது. முழுக் கட்டுரையையும் பயந்து மூடிவைக்கத் தேவையில்லை. பெரும்பாலும் அது ஒன்றிரண்டு இடத்தில்தான் இருக்கும். உயிரோடு இருக்கும் ஒருவரை அடையாளம் காட்டி அவர் பெயரைக் கெடுக்கும் செய்தி இருந்தால், அவதூறு என்ற குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கிறது. உண்மையைப் பொதுநன்மைக்காகச் சொல்வதற்கு அங்கே விலக்கும் இருக்கிறது. அதனால்தான் ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதவேண்டும். திருவிழா மரியாதை என்றால் இன்னும் கூடுதல் கவனம். எந்தத் தரப்புக்கு முதல் மரியாதை, யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் நம் ஊர்களில் வழக்கு மன்றம்வரை போயிருக்கிறார்கள்.

அவள் எழுதியதில் அப்படிப்பட்ட பத்தி இரண்டே இருந்தன. ஒரு தரப்பார் சொன்னதை மட்டும் கேட்டு எழுதியவை. அவற்றைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னேன். இன்னொரு தரப்புப் பெரியவர்களிடமும் போய்க் கேட்டு, கோயில் பக்கம் பழைய ஏட்டில், கணக்கில் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்து, அதன் பிறகு அதை வேறு கட்டுரையாக எழுதலாம். அதற்கு ஒரு வருடம் ஆனாலும் ஆகட்டும். மீதி ஆறு பக்கத்தில் யாருக்கும் எந்த மனத்தாங்கலும் இல்லை. அதை இந்தச் சித்திரைக்கு முன்னாலேயே வெளியிடலாம் என்றேன். என்ன பெயரில் என்பதை மட்டும் அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.