ஒரே கம்பியில் இரு பாதைகள்

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையைக் கண்டவர்கள் அறிவார்கள்: 14 கிலோமீட்டர் தூரமும் மக்கள் வெள்ளமே. அக்கூட்டத்தினூடே ஆம்புலன்ஸ் வண்டி செல்ல வேண்டுமாயின், அதற்கு வழி முன்னதாகவே ஒதுக்கப்பட்டிருத்தல் அவசியம். தகவல் செல்லும் கம்பிக்கும் இது பொருந்தும்.

ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் திட்டத்திற்கு 2011-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பாரத்நெட் எனப்படும் அத்திட்டத்தை நமது மாநிலத்தில் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் நிறைவேற்றி வருகிறது. இத்தகைய ஒரே இணைப்பில் அலுவலகத்தின் கணிப்பொறியும் டெலிபோனும் சேர்ந்து இயங்கக்கூடும்.

இரண்டின் இயல்பும் வேறு. பத்திரம் ஒன்று இரண்டு விநாடி தாமதித்து வந்தால் நஷ்டமில்லை. பேச்சோ, பொதுவாக விநாடிக்கு 50 சிறு சிப்பங்களாகப் பிரிந்து செல்கிறது. அவை 150 மில்லி விநாடிக்குள் மறுமுனை சேராவிடில் உரையாடல் தடுமாறத் தொடங்கும்.

இதற்குப் பரிகாரமே 'வி-லேன்' என்னும் முறை. 1998-இல் வகுக்கப்பட்ட சர்வதேச நியமப்படி, ஒவ்வொரு சிப்பத்திலும் நான்கு பைட் அளவுள்ள அடையாளச் சீட்டு சேர்க்கப்படுகிறது. அதிலுள்ள எண்ணைக் கொண்டு ஸ்விட்ச் கருவி, பேச்சையும் தகவலையும் தனித்தனி வலைகளாகவே நடத்துகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்ல ரௌட்டர் என்னும் காவல் வாயிலைக் கடக்க வேண்டும். அங்கே தக்க விதிகளை அமைத்தால், கணிப்பொறியைப் பற்றிய வைரஸ் டெலிபோனுக்குத் தாவுவதைத் தடுக்கலாம்.

ஆயினும், பிரிப்பதனால் மட்டும் பேச்சு முந்திச் செல்லாது, கம்பியும் அகலமாகிவிடாது. அச்சீட்டிலேயே எட்டுப் படிகள் கொண்ட முன்னுரிமைக் குறியும் உண்டு. பேச்சிற்கு உயர்ந்த படியை அளித்து, வழியிலுள்ள கருவிகள் அதனை மதிக்குமாறும் அமைக்க வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. வி-லேன் அமைக்கக்கூடிய ஸ்விட்சையே வாங்குக. தகவலுக்கு 10, பேச்சிற்கு 20 என்பதுபோல் எண்களை வகுத்து அலுவலகப் பதிவேட்டில் எழுதி வைக்குக. மின்சாரம் நின்றாலும் டெலிபோன் ஒலிக்க, ஸ்விட்சிற்கும் ரௌட்டருக்கும் பாட்டரி ஏற்பாடு செய்க.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் அண்ணாமலையார் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு உயிர்கள் மாண்டன. சாத்தனூர் அணையிலிருந்தும் தென்பெண்ணையில் பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டது. அத்தகைய இரவில் கரையோர ஊர்களுக்குச் செல்லும் எச்சரிக்கைக் குரல், கோப்புகளின் பின்னே வரிசையில் நிற்கலாகாது. அதற்குரிய வழியை இன்றே ஒதுக்கி வைப்போமாக!