புரட்டி வைத்தாலும் மாறாத அளவு

1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், பாஷ் என எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. அதே ஆண்டில் இங்கிலாந்தில், கான்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினில் இருந்த மெல்லிய குழாய்களை அளக்க வழி தேடினார் ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர் டேவிட் மக்மர்ட்ரி. பொருளைத் தொட்ட கணமே மின்சமிக்ஞை தரும் அளவுமுனையை அவர் உருவாக்கினார். அந்த வகை முனையைத் தாங்கிய சிஎம்எம் எனப்படும் ஆய அளவீட்டு எந்திரங்கள் இன்று பினாங்கின் தொழிற்சாலைகளில் சிப் தயாரிப்புக் கருவிகளின் பாகங்களையும் விமான, மருத்துவ உதிரிகளையும் சோதிக்கின்றன.

சிஎம்எம்மில் கருங்கல் மேடையின் மீது ஒரு பாலம் நகரும். அதிலிருந்து தொங்கும் கம்பியின் நுனியில் சிறிய ரூபி மணி. அது பொருளைத் தொடும் ஒவ்வொரு இடமும் மூன்று எண்களாகப் பதிவாகும். நல்ல எந்திரம் சில மைக்ரான் துல்லியத்தில் இதைச் செய்யும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அந்த எண்கள் மேடையைப் பொறுத்தவை. வரைபடமோ பொருளின் சொந்த முகங்களிலிருந்து அளவு சொல்கிறது. இரண்டையும் இணைப்பதுதான் அலைன்மென்ட்.

மேடையில் வைத்த பொருள் மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் சுழலலாம். இந்த ஆறையும் நிர்ணயிக்க ஆறு தொடல்கள் போதும். தட்டையான முகத்தில் மூன்று தொட்டால் உயரமும் இரு பக்கச் சாய்வும் தெரியும். பக்க முகத்தில் இரண்டு தொட்டால் திருப்பமும் ஒரு திசை இடமும் தெரியும். மீதமுள்ள திசைக்கு ஒன்று. ‘3-2-1’ என்று பட்டறையில் சொல்வது இதைத்தான்.

தானியங்கிச் சோதனையில் இது இரண்டு சுற்றாக நடக்கும். எந்திரம் உண்மையில் அறிவது மணியின் மையத்தை. அதிலிருந்து ஆரத்தைக் கழித்தே தொட்ட புள்ளியைக் கணக்கிடுகிறது. எந்தத் திசையில் கழிப்பது என்பது முகத்தின் சாய்வைப் பொறுத்தது. முதல் சுற்றில் அந்தச் சாய்வு தோராயமாகத் தெரியவரும்; இரண்டாம் சுற்றில் முகத்துக்கு நேர்செங்குத்தாகத் தொட்டு மீண்டும் கணக்கிடும். அதனால் பாகத்தை மேடையில் ஏற்றும் ரோபோ அதைச் சற்றே கோணலாக வைத்தாலும் பாதகமில்லை.

அடிப்பக்கத்தை அளக்கப் பொருளைப் புரட்ட வேண்டியிருக்கும்போதுதான் சிக்கல். புரட்டியதும், முதலில் தொட்டு ஆதாரமாகக் கொண்ட முகம் மேடைப் பக்கம் மறைந்துவிடும். நிலம் அளக்க வருபவர் முதலில் எல்லைக்கல்லைத் தேடுவதுபோல, இங்கும் மாறாத சில புள்ளிகள் தேவை. பொருளோடு சேர்ந்தே புரளும்படி மூன்று எஃகுக் கோளங்களைப் பொருத்துகிறார்கள். புரட்டுமுன் அவற்றை அளந்து, புரட்டியபின் மறுபடி அளந்தால், இரு நிலைகளுக்கும் இடையிலான சுழற்சியையும் நகர்வையும் மென்பொருள் கணக்கிட்டுவிடும். மேற்பக்க அளவும் அடிப்பக்க அளவும் ஒரே கணக்கில் சேரும்.

கோளங்கள் எங்கே இருக்கின்றன என்பதும் முக்கியம். 50 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்த கோளங்களில் 2 மைக்ரான் பிழை புகுந்தால், 500 மில்லிமீட்டர் தள்ளியுள்ள துளையில் அது ஏறத்தாழ 20 மைக்ரானாகப் பெருகும். ஆகவே பொருள் அனுமதிக்கும் அளவுக்கு அவற்றை விலக்கி வைப்பதே நல்லது. கோளங்களுக்கு இடையிலான தூரம் புரட்டியபின் மாறியிருந்தால் கோளம் நகர்ந்திருக்கிறது, அல்லது இறுக்கிப் பிடித்ததில் பொருள் வளைந்திருக்கிறது, அல்லது சூடு மாறியிருக்கிறது. அப்போது மேற்கொண்டு அளப்பது வீண்.

பினாங்கில் சூட்டை மறக்க முடியாது. அளவீட்டுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 30 டிகிரியில் உள்ள அரை மீட்டர் அலுமினியப் பாகம், 20 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 115 மைக்ரான் நீண்டிருக்கும். அளவீட்டு அறையில் பாகம் குளிர்ந்து நிலைக்கக் காத்திருப்பதும் வேலையின் பகுதிதான்.

இன்னொரு சிக்கல் ‘பெஸ்ட் ஃபிட்’. எல்லாப் புள்ளிகளுக்கும் சராசரியாகப் பொருந்தும்படி மென்பொருளே பாகத்தைத் திருப்பிக்கொள்ளும் முறை அது. வளைந்த பரப்புகளுக்கு உகந்தது. ஆனால் இடம் தவறிய துளையின் பிழையை மற்றவற்றுக்குப் பங்கிட்டு, பழுதான பாகத்தையும் நல்லதாகக் காட்டிவிடும். வரைபடம் எந்த முகத்தை ஆதாரம் என்கிறதோ, அதிலிருந்தே தொடங்க வேண்டும்.

எதை முதலில் தொடுவது, கோளத்தை எங்கே வைப்பது என்பதை வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர்தான் முடிவுசெய்கிறார். அந்த முடிவு தவறானால், எந்திரம் அதே தவற்றை ஆயிரம் பாகங்களிலும் பிசகாமல் திரும்பச் செய்யும்.