சர்வர் படுத்தால் பத்திரமும் படுத்துரும்! பத்திர ஆபீஸ் கம்ப்யூட்டர் மாறிய கதை

சென்னை,

முகூர்த்த நாள் வந்தாலே சார்பதிவாளர் ஆபீஸ்களில் கூட்டம் அலைமோதும். ஒரு சார்பதிவாளர் உள்ள ஆபீசில் வழக்கமாக 100 டோக்கன். இதுபோன்ற நாட்களில் 150 வரை கொடுக்கிறார்கள். வாங்குபவர், விற்பவர், சாட்சிகள் என்று எல்லோரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு காத்திருக்கும்போது, "சர்வர் டவுன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தால் எப்படி இருக்கும்?

நம்ம ஊரில் மட்டும் இல்லை, அந்த நேரத்தில் மாநிலம் முழுக்க இதே கதைதான். காரணம், 570-க்கும் அதிகமான ஆபீஸ்களும் இப்போது ஒரே மைய கணினி அமைப்பை நம்பி இருப்பதுதான்.

முன்பு அப்படி இல்லை. வில்லங்க சான்று கேட்டால், ஊழியர் தடிமனான அட்டவணை புத்தகங்களை வருஷவாரியாக புரட்டி, கையால் எழுதிக் கொடுப்பார். ஒரு வரி கண்ணில் படாமல் போனாலும் போச்சு. அடமானத்தில் இருக்கும் மனைக்குக்கூட "வில்லங்கம் இல்லை" என்று சான்று வந்துவிடும். சீட்டு போட்டு, நகையை விற்று மனை வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான்.

2000-ம் ஆண்டில் 'ஸ்டார்' திட்டத்தில் கம்ப்யூட்டர் வரத் தொடங்கியது. தேடுகிற வேலை குறைந்தது. 2018 பிப்ரவரியில் டி.சி.எஸ். நிறுவனம் உருவாக்கிய 'ஸ்டார் 2.0' வந்தது. எல்லா ஆபீஸ்களும் ஒரே அமைப்பில் இணைந்தன. இப்போது வில்லங்க விவரத்தை பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டில் இருந்தே காசு இல்லாமல் பார்க்கலாம். பெரும்பாலும் 1975 முதலான பதிவுகள் கிடைக்கும்.

ஆனால் பழைய புத்தகத்தில் இருந்ததை யாரோ ஒருவர் உட்கார்ந்து டைப் அடித்துத்தானே ஏற்ற வேண்டும்? சர்வே நம்பரில் ஒரு எண் மாறினாலும் அந்த பத்திரம் தேடலில் சிக்காது. எத்தனை கோடி செலவு செய்து புது மெஷின் வாங்கினாலும் இது தானாக சரியாகாது. தப்பு தெரிந்தால் மூலப்பத்திர நகலோடு திருத்தம் கேட்டு மனு போட வேண்டும்.

பட்டா வேற, பத்திரம் வேற

பலரும் குழம்புவது இங்கேதான். பத்திரம் பதிவுத்துறை, பட்டா வருவாய்த்துறை. வருவாய்த்துறைக்கு 'தமிழ் நிலம்' என்று தனி சாப்ட்வேர். இரண்டையும் இணைத்த பிறகு, சர்வே நம்பர் முழுவதையும் அப்படியே வாங்கினால், விற்றவர் பெயரில் பட்டா சரியாக இருக்கும்பட்சத்தில், பெயர் மாற்றம் சுலபமாகிவிட்டது. நிலத்தை பிரித்து வாங்கினால் அது நடக்காது. சர்வேயர் வந்து அளந்து, உட்பிரிவு போட்ட பிறகுதான் பட்டா. கம்ப்யூட்டரால் நிலத்தை அளக்க முடியாதே!

கூட்டம் கூடக்கூட 'ஸ்டார் 2.0' திணறியதால் அடுத்ததாக 'ஸ்டார் 3.0' திட்டத்தை அரசு அறிவித்தது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பதிவு செய்யாத ஒப்பந்தமோ, கைமாற்றுக்கு பத்திரத்தை அடகு வைத்த விவகாரமோ வில்லங்கத்தில் வராது. உட்பிரிவு ஆன மனை என்றால் புது நம்பரோடு பழைய சர்வே நம்பரையும் போட்டு தேட வேண்டும். அசல் பத்திரத்தை கையில் வாங்கிப் பார்க்காமல், நகலை மட்டும் நம்பி பணம் கொடுக்கக் கூடாது.