வாடிவாசல் (குறுநாவல்)

வாடிவாசல் என்பது சி. சு. செல்லப்பா எழுதி 1959 ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்க் குறுநாவல் ஆகும். ஜல்லிக்கட்டில் காளைகள் ஒவ்வொன்றாகத் திறந்துவிடப்படும் குறுகிய வாயில் வாடிவாசல் எனப்படும்.

கதை

தன் தந்தை அம்புலியின் உயிரைப் பறித்த காரிக் காளையை அணைவதற்காகப் பிச்சி என்னும் இளைஞன் பெரியபட்டி ஜல்லிக்கட்டுக்கு வருகிறான். அவன் காளையை வெல்கிறான், ஆனால் காயமடைகிறான். அடங்கிப்போன காளையை அதன் உரிமையாளரான ஜமீன்தாரே சுட்டுக் கொல்கிறார்.

வாசகர் ஈர்ப்பு

திமிலைப் பற்றும் முறை, காளையின் போக்கைக் கணிக்கும் நுட்பம், மாடு பிடிப்போரின் வட்டாரப் பேச்சு ஆகியவற்றை இந்நூல் களத்துக்குள் நின்று காட்டுகிறது. புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி அருகேயுள்ள வன்னியன்விடுதி போன்ற ஜல்லிக்கட்டு ஊர்களில் வாய்மொழியாகவும் பழக்கத்தாலும் கற்கப்படும் கலை, இதில் எழுத்து வடிவம் பெற்றுள்ளது.

ஜல்லிக்கட்டு 2014 இல் உச்ச நீதிமன்றத்தால் தடை செய்யப்பட்டு, 2017 இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தால் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அத்திருத்தம் செல்லும் என 2023 இல் தீர்ப்பளிக்கப்பட்டது. இவ்விவாதத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே எழுதப்பட்ட இந்நூல், விளையாட்டைப் போற்றவோ பழிக்கவோ முற்படவில்லை. வீரத்துடன் அதன் விலையையும், காளையை உடையவரின் கௌரவத்தையும் ஒருசேரக் காட்டுவதே இதன் தனித்தன்மை ஆகும்.

என். கல்யாணராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013 இல் வெளியானது.